செங்காந்தள்: அழகோடு விழிப்பும் வேண்டும் மலர்

மழைக்காலம் தொடங்கியதும் நம் ஊர் வேலியோரங்களிலும் புதர்க்காடுகளிலும் ஒரு கொடி மண்ணைப் பிளந்துகொண்டு எழுகிறது. இலை நுனிகளையே பற்றுக்கம்பிகளாகச் சுருட்டி அருகிலுள்ள செடிகளைப் பிடித்து ஏறுகிறது. அதில் மலரும் பூவின் ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து தீச்சுடர் போல நிற்கும். இதுவே தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிக் கூறும் மலர்களுள் முதலில் நிற்பதும் காந்தளே. கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்பன இதன் பிற பெயர்கள்.

நீண்ட சிகிச்சைக்குப் பின் இல்லம் திரும்புவோருக்கும், அவர்களைப் பேணுவோருக்கும் தோட்டப்பணி மனத்திற்கு ஆறுதல் தரும். செங்காந்தளை வளர்க்க விரும்புவோர் அதன் இயல்பையும் நச்சுத்தன்மையையும் ஒருசேர அறிந்திருத்தல் நலம். ஆகவே இரண்டையும் இங்கே கூறுகிறோம்.

வளர்க்கும் முறை

செங்காந்தள் பல்லாண்டு வாழும் கொடி. கோடையில் தண்டும் இலையும் காய்ந்து மறைந்தாலும் மண்ணுக்குள் கிழங்கு உறங்கிக்கொண்டிருக்கும். மழை வந்ததும் மீண்டும் துளிர்க்கும். விதையிலிருந்து வளர்த்தால் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால் கிழங்கு நடுவதே எளிது.

ஆனி, ஆடி மாதங்கள் நடவுக்கு ஏற்றவை. கலப்பை போல வளைந்த கிழங்கின் நுனியில் முளைக்கும் மொட்டு இருக்கும். அது எளிதில் ஒடிந்துவிடும். ஒடிந்தால் அம்முனையிலிருந்து கொடி எழாது. எனவே கிழங்கை மென்மையாகக் கையாண்டு, இரண்டு அங்குல ஆழத்தில் படுக்கைவாட்டில் வைத்து மண்ணால் மூடவேண்டும். நீர் தேங்காத செம்மண்ணோ மணல் கலந்த மண்ணோ சிறந்தது. களிமண்ணில் நீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். மக்கிய தொழுவுரம் சிறிது போதும். பற்றி ஏற மூங்கில் குச்சியோ கம்பி வலையோ நடும்போதே அமைத்துவிடுவது நல்லது.

பசுமஞ்சளாக விரியும் பூ, நாள் செல்லச்செல்ல ஆரஞ்சு நிறமாகிப் பின் செந்நிறம் கொள்ளும். கருநிற உடலில் வெண்புள்ளிகளும் செம்புள்ளிகளும் கொண்ட புழுக்கள் இலையைத் தின்னக் கண்டால் கையுறை அணிந்து பொறுக்கி அகற்றலாம். இலைகள் பழுக்கத் தொடங்கியதும் நீர் ஊற்றுவதைக் குறைத்து நிறுத்திவிடவேண்டும்.

நஞ்சை அறிவோம்

இக்கொடியின் எல்லாப் பகுதிகளிலும் கோல்ச்சிசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. இதே பொருளைத்தான் மருத்துவர்கள் கீல்வாத வகைகளுள் ஒன்றான கவுட் நோய்க்கு மிகச் சிறிய அளவில், மாத்திரையாகத் தருகிறார்கள். இதில் மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சிறுநீரகக் குறைபாடு உடையோருக்கு அந்த இடைவெளி மேலும் சுருங்கும். ஆதலால் மூட்டுவலிக்கோ வேறு எந்நோய்க்கோ இக்கிழங்கை வீட்டு மருந்தாக ஒருபோதும் உட்கொள்ளாதீர்கள். வேகவைத்தாலும் இதன் நஞ்சு நீங்காது.

உண்ணும் கிழங்கென்று எண்ணி இதைச் சமைத்து உண்டவர்கள் உயிரிழந்ததுண்டு. எனவே தோண்டி எடுத்த கிழங்கைச் சமையலறையிலோ காய்கறிக் கூடையிலோ வைத்தல் ஆகாது. பெயர் எழுதிய பெட்டியில், உலர்ந்த மணலிட்டு, பூட்டி வையுங்கள். முதிர்ந்த காய் வெடித்துச் சிவந்த விதைகள் வெளிப்படும்போது குழந்தைகள் கவரப்படுவர். காய்கள் பச்சையாக இருக்கும்போதே வெட்டி அகற்றிவிடலாம். தவழும் குழந்தையோ, மறதி நோயுற்ற முதியவரோ, மேயும் ஆடுமாடுகளோ உள்ள வீட்டில் இக்கொடியை வளர்க்க வேண்டாம் என்பதே நமது பரிந்துரை.

உட்கொண்டுவிட்டால்

உண்ட சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, கடும் வயிற்றுப்போக்கு தோன்றும். பின்னர் அவை தணிந்தது போலத் தெரியலாம். ஆனால் அடுத்த சில நாட்களில் இரத்த அணுக்கள், சிறுநீரகம், இதயம் ஆகியன பாதிக்கப்படக்கூடும். எனவே அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் உடனே 108 ஊர்தியை அழையுங்கள். உப்புநீர் கொடுத்தோ தொண்டையில் விரல்விட்டோ வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். எஞ்சிய கிழங்கையோ கொடியின் துண்டையோ உடன் கொண்டுவந்தால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். நலமாகிவிட்டதாகத் தோன்றினாலும், மருத்துவர் கூறும்வரை மருத்துவமனையிலேயே இருக்கவேண்டும்.

நோயாளிகள் கவனத்திற்கு

புற்றுநோய்க்கான கீமோதெரபி பெறுவோரும், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோரும் மண்ணைத் தொடும் பணிகளில் ஈடுபடுமுன் தம் மருத்துவரைக் கேட்டறிய வேண்டும். மண்ணிலுள்ள கிருமிகள் அவர்களுக்குத் தொற்று உண்டாக்கலாம். நீரிழிவு உடையோர் வெறுங்காலுடன் தோட்டத்தில் நடத்தல் கூடாது. யாவரும் கையுறை அணிந்து பணி செய்து, முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவுவது நன்று.

மண்ணில் கைவைக்க இயலாதோர் வருந்த வேண்டுவதில்லை. வீட்டார் நட்டு வளர்க்க, படுக்கையிலிருந்து காணும் சாளரத்தின் வெளியே கொடியை ஏற்றிவிடலாம். இம்மலரை உற்று நோக்கினால் கண் வலிக்கும் என்று நாட்டுப்புறத்தில் கூறுவதுண்டு. அந்த அச்சம் தேவையில்லை. உட்கொள்ளாதவரை, கண்ணாரக் கண்டு மகிழலாம்.