கையும் சிறகும்

சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில், மரங்கள் அடர்ந்த பரந்த நிலத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி அமைந்துள்ளது. நகரின் நடுவே இருந்த அக்கல்லூரி 1937ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்தது. விலங்கியல் பயிலப் புகும் மாணாக்கர்க்கு இத்தகைய சூழலே ஒரு பாடசாலை ஆகும்.

ஓர் உயிரின் உடல் எவ்வாறு அமைந்துள்ளது? அவ்வமைப்பு என்ன தொழில் செய்கின்றது? அஃது எவ்வாறு தோன்றிற்று? இம்மூன்று வினாக்களே விலங்கியலின் தொடக்கம்.

அந்திப்பொழுதில் பறந்து செல்லும் பழந்தின்னி வௌவாலை நோக்குவோம். அது பறவை அன்று. குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு. அதன் சிறகில் இறகுகள் இல்லை; நீண்ட விரல்களுக்கிடையே மெல்லிய தோல் விரிந்துள்ளது. மேற்கை எலும்பு, முன்கை எலும்புகள், மணிக்கட்டு, விரல்கள் என்னும் வரிசை நம் கையில் இருப்பது போன்றே அச்சிறகிலும் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கிலத்தின் பெரிய எலும்புக்கூடு ஒன்று உள்ளது. திமிங்கிலத்தின் துடுப்பினுள்ளும் அதே வரிசைதான்!

கை பற்றுவதற்கு; சிறகு பறப்பதற்கு; துடுப்பு நீந்துவதற்கு. தொழில் வேறாயினும் அமைப்பு ஒன்றாய் இருப்பது ஏன்? இவ்வுயிர்கள் யாவும் பண்டைய பொது மூதாதை ஒன்றின் வழிவந்தவை. சார்லசு தார்வின் 1859இல் வெளியிட்ட நூலில் இவ்வொற்றுமைக்கு இக்காரணத்தையே காட்டினார். வண்ணத்துப்பூச்சியும் பறக்கின்றது, ஆனால் அதன் சிறகில் எலும்பே இல்லை. எனவே, தொழில் ஒத்திருப்பது மட்டுமே நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது.

முன்னாளில் மாணாக்கர் தவளையை அறுத்து உடலமைப்பைக் கற்றனர். விலங்குகளை அறுத்துப் பயிலும் முறையை நிறுத்துமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் பணித்தது. படிவங்களாலும் எலும்புக்கூடுகளாலும் அமைப்பை அறியலாம். தொழிலை அறிய உயிருள்ள விலங்கையே காண வேண்டும்.

அதற்குத் தாம்பரத்திற்கு அண்மையிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஏற்ற இடமாகும். அங்கு வரும் பூநாரை, வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நுண்ணுயிர்களை வடிகட்டி உண்ணும். நீர்க்காகமோ மூழ்கிச் சென்று, கொக்கி போன்ற அலகு நுனியால் மீனைக் கவ்வும்.

இச்சதுப்பின் ஒரு பகுதி குப்பைமேடாயிற்று. பல பகுதிகளில் கட்டடங்கள் எழுந்தன. எஞ்சிய நிலம் 2022இல் பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சர் நிலமாக ஏற்கப்பட்டது. ஆழமற்ற நீர் இல்லையேல் பூநாரையின் அலகுக்கு அங்குத் தொழில் ஏது? நெடுங்காலம் கொண்டு உருவான உறுப்பு, தனக்கேற்ற இடம் அழிந்தால் பயனற்றுப் போகும். ஆதலின், உயிரைக் கற்பவர் அது வாழும் இடத்தையும் காத்தல் கடனாகும்.