கடைமடைக்கும் நீர்: நவீனமான நாராயணபுரா கால்வாய்

கர்நாடகத்தில் கிருஷ்ணா ஆற்றின் குறுக்கே உள்ள பசவசாகர் அணையிலிருந்து பிரியும் நாராயணபுரா இடதுகரைக் கால்வாய், அம்மாநிலத்தின் வறண்ட வடபகுதிக்கு முக்கிய பாசன ஆதாரமாகும். சுமார் ரூ.4,700 கோடி மதிப்பிலான இதன் விரிவாக்க, நவீனமயமாக்கல் திட்டத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2023 ஜனவரி 19 அன்று தொடங்கிவைத்தார்.

விநாடிக்கு 10,000 கன அடி நீரைக் கொண்டு செல்லும் இக்கால்வாயால் 4.5 லட்சம் ஹெக்டேர் பாசனம் பெற முடியும். கலபுரகி, யாத்கிர், விஜயபுரா மாவட்டங்களின் 560 கிராமங்களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் பயனடைவர்.

நவீனமயமாக்கல் ஏன் தேவை?

பழைய கால்வாய்களில் விரிசல்கள் வழியே நீர் கசிகிறது. தலைமடையில் தேவைக்கு மேல் நீர் எடுக்கப்படும்போது கடைமடை வயல்கள் காய்கின்றன. கான்கிரீட் பூச்சு கசிவைக் குறைக்கிறது. பங்கீட்டைச் சீராக்க 'ஸ்காடா' தொழில்நுட்பம் உதவுகிறது. இதில் உணரிகள் நீர்மட்டத்தை அளந்து கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் அனுப்பும். அங்கிருந்தபடியே மதகுகளை ஏற்றவும் இறக்கவும் முடியும்.

வயல் வரை குழாய்

பிரதான கால்வாய் சீரானாலும், மதகிலிருந்து வயலுக்குச் செல்லும் மண் வாய்க்கால்களில் இழப்பு தொடரும். இதற்குத் தீர்வாக, நாட்டின் பாசனப் பகுதிகளில் நிலத்தடி அழுத்தக் குழாய்கள் மூலம் வயலருகே நீரைக் கொண்டு செல்லும் ரூ.1,600 கோடி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரல் 9 அன்று ஒப்புதல் அளித்தது. இக்கட்டமைப்புகளின் நிர்வாகம் நீர்ப் பயன்பாட்டாளர் சங்கங்களிடம் ஒப்படைக்கப்படும். சேமிக்கப்படும் நீர் கடைமடையைச் சென்றடைவது, அச்சங்கங்கள் முறைவைத்து அதைப் பகிர்வதைப் பொறுத்தே அமையும்.