நீங்க கோயிலுக்குப் போனேன்?



இந்த வார எபிசோடில் பழைய சாட்பாட் எஞ்சின்களைப் பத்திப் பேசினோம். "இந்த டேக்குக்கு சப்போர்ட் உண்டு" என்று ஒரு எஞ்சின் சொன்னால் அதை எவ்வளவு நம்பலாம்? அதுக்கு நேரம் பத்தலை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சின்ன அறிமுகம். ரிச்சர்ட் வாலஸ் 1995-இல் தொடங்கிய ‘ஆலிஸ்’ என்ற சாட்பாட்டோடு வளர்ந்ததுதான் ஏஐஎம்எல். எச்டிஎம்எல் மாதிரி டேக் போட்டு எழுதணும். எதிரில் இருப்பவர் என்ன சொல்வார் என்பது ‘பேட்டர்ன்’ டேக்குக்குள், பாட் சொல்லும் பதில் ‘டெம்ப்ளேட்’ டேக்குக்குள். பேட்டர்னில் நட்சத்திரக் குறி வைத்தால் அந்த இடத்தில் எந்தச் சொல்லும் வரலாம். பதிலில் ‘ஸ்டார்’ டேக் போட்டால் அதே சொற்கள் திரும்பி வரும். இதை வைத்தே ஆலிஸ் 2000, 2001, 2004 என மூன்று முறை லோப்னர் பரிசு வாங்கியது.

நமக்கு இன்றைக்கு வேண்டியது ‘பெர்சன்2’ டேக். நீங்கள் ‘நான்’ என்று சொன்னதை பாட் ‘நீ’ என்று மாற்றித் திருப்பிச் சொல்ல உதவுவது. ஆங்கிலத்தில் ‘ஐ’-யை ‘யூ’ ஆக்கி, ‘மை’-யை ‘யுவர்’ ஆக்கினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. இந்த மாற்றத்தை எப்படிச் செய்யணும் என்பதை ஏஐஎம்எல் 1.0.1 விதிகள் எஞ்சின் எழுதுபவரிடமே விட்டுவிட்டன. அதனால் வழக்கமாக உள்ளே இருப்பது ஒரு சொல் பட்டியல்தான். ரைவ்ஸ்கிரிப்ட் எஞ்சினிலும் இதே வேலைக்கு ஒரு டேக் இருக்கு. பட்டியலை நாமே எழுதிக்கலாம்.

பிஸ்கட்டவேயில் வாரக்கடைசி தமிழ் வகுப்புப் பிள்ளைகள் பேசிப் பழக நான் ஒரு சின்ன பாட் எழுதினேன். பெரிய மொழி மாடல் வேண்டாம், நாம் எழுதியதை மட்டும் பேசினால் போதும் என்று நினைத்தேன். பட்டியலில் நான் = நீங்க, என் = உங்க, எனக்கு = உங்களுக்கு என்று போட்டேன். ஒரு பொண்ணு டைப் செய்தாள்: "நான் நேத்து பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போனேன்."

பாட் கேட்டது: "ஓ, நீங்க நேத்து பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போனேன்?"

நான் சிரிச்சேன். அவள் சிரிக்கலை. "அப்ப நான் சொன்னது தப்பா?" என்றாள். தன் தமிழ் மேல் ஏற்கெனவே பாதி நம்பிக்கைதான் இருக்கிற பிள்ளை, மெஷின் சொன்னதைத்தான் நம்புவாள். அப்போதான் எனக்கு உறைச்சது.

என்ன நடந்தது? தமிழில் ஆள் யார் என்பது வினையின் வாலிலும் ஒட்டிக்கிட்டு இருக்கு. போனேன், போனீங்க, போனான், போனாள். வீட்டில் பல நேரம் ‘நான்’ என்றே சொல்ல மாட்டோம், "நேத்து கோயிலுக்குப் போனேன்" என்போம். அங்கே பட்டியலுக்கு மாற்ற எதுவுமே கிடைக்காது.

ஆனால் "எனக்குப் பசிக்குது" என்றால் "உங்களுக்குப் பசிக்குது" என்று சரியாக வரும். "எனக்குத் தமிழ் தெரியும்", "எனக்குப் பயமா இருக்கு" எல்லாமே சரி. இந்த மாதிரி ‘எனக்கு’ வாக்கியங்களில் ஆள் மாறினாலும் வினை மாறாது. என் டெஸ்ட் வாக்கியங்கள் பாதி இந்த ரகம். அதனால்தான் எல்லாம் பாஸ் ஆச்சு!

சரி செய்தது இப்படி: சொல் பட்டியலோடு ஒரு விகுதி விதியும் சேர்த்தேன். சொல்லின் கடைசியில் ‘-ஏன்’ ஒலி வந்தால் ‘-ஈங்க’ ஆக்கு. போனேன், போனீங்க. வருவேன், வருவீங்க. சாப்பிடறேன், சாப்பிடறீங்க. உடனே அடுத்த கூத்து: "தேன் வாங்கினேன்" என்றால் "தீங்க வாங்கினீங்க" என்று வந்தது. தமிழில் வினை வழக்கமாகக் கடைசியில்தான் வரும் என்பதால், விதியைக் கடைசிச் சொல்லுக்கு மட்டும் வைத்தேன். தேன் தப்பித்தது.

இன்னொன்று, மரியாதை. ஆங்கிலத்தின் ஒரே ‘யூ’ இங்கே நீ, நீங்க என இரண்டாகும். பாட்டியிடம் ‘நீ’ என்று சொல்லி வீட்டில் முறைப்பு வாங்கியவர்களுக்குத் தெரியும். பேசுபவர் யார் என்பதை ‘செட்’ டேக்கில் சேமித்து, ‘கண்டிஷன்’ டேக்கில் பார்த்து விகுதியைத் தேர்ந்தெடுக்கணும்.

இது புதுசும் இல்லை. 2003-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தினர் ‘பூங்குழலி’ என்ற தமிழ் சாட்பாட்டைப் பற்றிக் கட்டுரை கொடுத்திருக்காங்க.

அடுத்த முறை ஒரு எஞ்சினின் டேக் சப்போர்ட் பட்டியலில் டிக் அடிச்சிருப்பதைப் பார்த்தால், இந்த மூன்றையும் கொடுத்துப் பாருங்க: "எனக்குப் பசிக்குது", "நேத்து போனேன்", "நானும் வரேன்". மூன்றாவதில் ‘நானும்’ பட்டியலில் இருக்காது. அங்கேயும் ஒட்டு இருக்கு.

அந்தப் பொண்ணுகிட்ட அடுத்த வாரம் சொன்னேன்: "நீ சொன்னதுதான் சரி. பாட்தான் தமிழ் கத்துக்கணும்." அப்போதான் சிரிச்சாள்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.