கொதிகலனுக்கும் நல்ல நீர் வேண்டும்

யாழ்ப்பாணக் கிணற்று நீரைக் கொதிக்க வைக்கும் கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடிப்பதை அறிவீர்கள். சுண்ணக்கல் நிலத்திலிருந்து நீரில் கரைந்த கல்சிய, மகனீசிய உப்புகளே அவ்வாறு படிகின்றன. நெல் அவிக்கும் ஆலையின் கொதிகலனிலும் இதுவே நடக்கிறது.

படை வெப்பத்தைத் தடுப்பதால் எரிக்கும் உமி வீணாகிறது. அதைவிட ஆபத்தானது, நீரின் குளிர்ச்சி எட்டாத இரும்பு அளவுமீறிச் சூடேறி இளகுவது. ஈற்றில் அமுக்கம் தாங்காது வெடிக்கவும் கூடும்.

ஆகவே நீரை மென்னீராக்கியே உள்ளே விடவேண்டும். அடியில் தங்கும் மண்டியை நாளாந்தம் திறந்து வெளியேற்றவேண்டும். நீர்மட்டக் கண்ணாடியையும் காப்பு வால்வையும் தவறாது கவனிக்கவேண்டும்.

ஊர் திரும்பி, நெடுநாள் மூடிக்கிடந்த ஆலையை மீண்டும் இயக்க எண்ணுவோரே, உள்ளே தங்கிய நீரும் காற்றும் இரும்பை அரித்திருக்கக்கூடும். தகுதியுள்ளவர் சோதித்த பின்னரே நெருப்பு மூட்டுங்கள்.