காதல் பாட்டுக்குள் ஒரு குதிரை

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஊர்ந்தபடி பழைய ஆங்கிலப் பாடல்களைக் கேட்பவர்களுக்கு ஸ்டைலிஸ்டிக்ஸ் குழுவின் ‘யூ மேக் மீ ஃபீல் பிராண்ட் நியூ’ பழக்கமான பாட்டு. 1974இல் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. அந்த சோல் பாணி நமக்கு அந்நியமல்ல. பினாங்கில் உருவான அலிகேட்ஸ் குழுவின் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் அந்த உருக்கத்தை மலாய்ப் பாடல்களில் குழைத்துத் தந்து நாட்டையே கட்டிப்போட்டவர்கள்.

பாட்டின் தொடக்கத்தில் ரீங்கரிக்கும் தந்தி வாத்தியம் சிதார் இல்லை, மின் சிதார். இந்த வகையில் பேர்பெற்றது, 1967இல் டேன்எலெக்ட்ரோ நிறுவனம் கொண்டுவந்த ‘கோரல்’. கிதார் கலைஞர் வின்சென்ட் பெல்லுக்கு அதன் வடிவமைப்பில் பங்குண்டு. கிதார் போலவே ஆறு தந்திகள், பக்கத்தில் தாமாக அதிர்ந்து ஒலிக்கும் பதின்மூன்று துணைத் தந்திகள். கிதார் தெரிந்தவர் பழகாமலே வாசித்துவிடலாம்.

ரீங்காரம் பிறப்பது குதிரையில், அதாவது தந்திகளைத் தாங்கும் கட்டையில். சாதாரண கிதாரில் தந்தி குதிரையின் கூர்மையான விளிம்பில் உட்கார்ந்திருக்கும். ஒலி சுத்தமாக எழும், சீக்கிரம் மங்கும். மின் சிதாரின் குதிரையோ அகலமானது, ஏறக்குறைய தட்டையானது. ஒவ்வோர் அசைவிலும் தந்தி அதன் பரப்பை உரசிவிட்டு விலகுகிறது. தொடும் இடம் முன்னும் பின்னும் நகர நகர, அதிரும் நீளமும் மாறிக்கொண்டே இருக்கிறது. தந்தியின் ஆற்றலில் ஒரு பங்கு மேற்சுரங்களுக்குப் போய்ச் சேர்வது இதனால்தான். குழுவின் பாடகர் ஏரியன் லவ் தாழ்ந்த குரலில் பாட்டைத் தொடங்கும்போது அந்தக் குரலுக்கு மேலே வெற்றிடமாகக் கிடக்கும் உயரத்தை இந்த மேற்சுரங்கள் நிரப்புகின்றன. இன்னொரு பாடகரான ரஸ்ஸல் தாம்ப்கின்ஸின் உச்சக்குரல் வரும்வரை பாட்டைத் தாங்கி நிற்பது இதுதான் என்பேன்.

வீணையிலும் தம்புராவிலும் இதே வித்தை உண்டு. தந்தியை நட்டநடுவில் மீட்டினால் சில மேற்சுரங்கள் எழவே கூடாது என்பது பழைய விதி. நம் வாத்தியங்களில் அவையும் ஒலிக்கின்றன என்று 1921இல் எழுதியவர் சி. வி. ராமன். குதிரையின் வடிவமே காரணம் என்றார். அவருக்கு நோபல் பரிசு கிடைக்க இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸ், ஜாலான் பெர்ஹாலாவில் உள்ள டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில், தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிறவர் பக்கத்தில் உட்காருங்கள். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு பஞ்சுநூல் இருக்கும், ஜீவாளி என்பார்கள். அதை மயிரிழை நகர்த்துவார். அடைத்துக் கிடந்த ஒலி சட்டென்று திறந்துகொள்ளும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் மறுபடி அடைத்துவிடும். சரியான இடம் எதுவென்று காதுதான் சொல்ல வேண்டும்.