ஏட்டில் ஏறாத காயங்கள்: தொழிலிட விபத்துப் பதிவும் முந்தற் கரையோரமும்

தொழில் செய்யுமிடத்தில் ஒருவர் காயமுறுவது ஒரு நிகழ்ச்சி. அந்நிகழ்ச்சி ஏட்டில் எழுதப்படும்போதே சமூக உண்மையாகின்றது. எழுதப்படாத காயம் காயமுற்றவரின் உடலில் மட்டும் தங்கிவிடுகின்றது. நட்டஈடு கோருங்கால் அதற்குச் சான்றில்லை. இயந்திரத்துக்குக் காப்பு வேண்டுமென வாதிடுங்கால் அதற்கு எண்ணிக்கையில்லை. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் வேலைநாள் பற்றிய அதிகாரம், லெனாட் ஹோர்னர் முதலிய பிரித்தானியத் தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டது என்பதை நாம் அறிவோம். எழுதிவைத்தவர் இருந்தமையாலேயே ஆராய்ந்தவரும் இருக்க முடிந்தது.

விபத்தையும் தொழில்சார் நோயையும் பதியுமாறு தொழில்தருநருக்கு நமது சட்டம் விதித்துள்ள கடமை யாது, அது எங்கே நின்றுவிடுகின்றது என்பவற்றைப் புத்தளம் மாவட்டத்து முந்தற் கரையோரத்தை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சட்டம் விதிக்கும் கடமை

இலங்கையில் இவ்விடயத்தை இரு சட்டங்கள் முதன்மையாகத் தழுவுகின்றன. முதலாவது, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். சர்வசன வாக்குரிமையின் பின் அமைந்த முதலாவது அரசாங்க சபையில், பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக விளங்கிய காலத்தில் இது இயற்றப்பட்டது. தொழிலின் நிமித்தமும் தொழிலின் போதும் நேரும் விபத்துக்கு, தொழில்தருநரின் தவறு நிறுவப்படாத போதும், நட்டஈடு பெறும் உரிமையை இது வழங்கிற்று.

இரண்டாவது, 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றிய இது, பதிவுக் கடமையை மூவகையாக வகுக்கின்றது. உயிரிழப்பை விளைவிக்கும் விபத்தையும், தொழிலாளி தான் செய்துவந்த வேலையில் முழுச் சம்பளத்தை ஈட்ட முடியாதவாறு மூன்று நாளுக்கு மேல் அவரை முடக்கும் விபத்தையும் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். கொதிகலன் வெடித்தல் போன்ற ஆபத்து நிகழ்ச்சிகளை, எவரும் காயமுறாவிடினும், அறிவிக்குமாறு கோரலாம். குறித்த சில தொழில்சார் நோய்களை மருத்துவரும் தொழில்தருநரும் அறிவித்தல் வேண்டும். இவ்வாறு அறிவிக்கப்பட்டவற்றின் விபரங்கள் தொழிற்சாலையின் பொதுப் பதிவேட்டில் இடம்பெறல் வேண்டும்.

2. மூன்று நாள் என்னும் எல்லை

மூன்று நாள் என்ற எல்லை பார்வைக்கு நியாயமானதே. சிறு கீறல்களால் ஏட்டை நிரப்புவதில் பயனில்லை. ஆயின் இவ்வெல்லை மாதச் சம்பளக்காரரிடத்தும் நாட்கூலியிடத்தும் ஒரே வகையாகத் தொழிற்படுவதில்லை. மாதச் சம்பளக்காரர் காயம் ஆறும்வரை விடுப்பில் இருக்கலாம். நாட்கூலிக்கு ஒரு நாள் ஓய்வு என்பது ஒரு நாட் பட்டினி. அவர் காலிற் கட்டுடன் மூன்றாம் நாளே வேலைக்குத் திரும்புகின்றார். அவரது வறுமையே அவரது காயத்தைப் பதிவுக்கு அப்பால் தள்ளிவிடுகின்றது. காயமுற்றவரை அதே சம்பளத்தில் இலகுவான வேலைக்கு மாற்றி, “நாள் இழப்பு இல்லை” என்று காட்டுவதும் நடைமுறையில் சாத்தியமே.

நோயைப் பொறுத்தவரை சிக்கல் இன்னும் ஆழமானது. பிரித்தானியாவில் 1895ஆம் ஆண்டுச் சட்டம் அறிவிக்கத்தக்க நோய்களாகக் கொண்டவை ஈயம், பாசுபரசு, ஆசனிக்கு ஆகியவற்றின் நச்சும் அந்திராட்சு நோயுமாகும். நமது சட்டத்தின் ஆரம்பப் பட்டியலும் அம்மரபினதே. அமைச்சர் இதனை விரிக்கலாம். எனினும் தூசினால் நுரையீரல் கெடுவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். நோய் வெளிப்படும்போது தொழிலாளி அவ்விடத்தில் இல்லாதிருக்கலாம். விபத்துக்கு நாளும் நேரமும் உண்டு. நோய்க்கு அவை இல்லை. நாள் குறிக்கும் ஏட்டில் நாளில்லாத் துன்பம் எளிதில் ஏறுவதில்லை.

3. முந்தற் கரையின் தொழில்கள்

முந்தல், சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே அமைந்தது. அதன் களப்பு ஒல்லாந்தர் கால்வாயினால் வடக்கே புத்தளம் களப்புடன் இணைந்துள்ளது. தென்னை, தும்பு, உப்பு, மீன்பிடி என்பவற்றுடன் 1980களிலிருந்து இறால் வளர்ப்பும் இப்பிரதேசத்தின் தொழில்களுள் ஒன்றாயிற்று. பதிவின் எல்லை எங்குள்ளது என்பதை இத்தொழில்களை வரிசைப்படுத்தி நோக்கின் காணலாம்.

தும்பு ஆலை ஐயத்துக்கு இடமின்றித் தொழிற்சாலையே. பழைய முறையிலான ஆலையில், ஆணிகள் பதித்த உருளை சுழலுகையில் ஊறிய பொச்சுமட்டையைத் தொழிலாளி கையாற் பிடித்துக் கொடுக்க வேண்டும். இவ்வேலையிற் பெண்கள் பலர் ஈடுபட்டனர். கை சற்றே முன்சென்றால் விரல் போயிற்று. இவ்விபத்துச் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டியதே. இங்குள்ள குறை சட்டத்தினதன்று, நடைமுறையினது.

உப்பளத்திற் கதை வேறு. கூரையோ சுவரோ இயந்திரமோ இல்லாத பாத்தியிற் கால்கள் நாள்முழுதும் உப்புநீரில் நிற்கின்றன. கண்கள் உப்பின் ஒளித்தெறிப்பைத் தாங்குகின்றன. உப்பு ஆக்கப்படும் பொருளே என வாதிட இடமுண்டு. ஆயினும் பாதத்துப் புண்ணும் கண்ணின் மங்கலும் விபத்தாக எண்ணப்படுவதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சமடைந்த முஸ்லிம் மக்களுட் பலர் உப்பளங்களிற் கூலிகளாயினர். நிலையான முகவரியற்றவரின் புண்ணை எழுதிக்கொள்ள எந்த ஏடும் காத்திருக்கவில்லை.

உடப்பு முதலிய ஊர்களின் கரைவலைத் தொழிலிற் சம்பளமில்லை, பங்கே உண்டு. பங்காளிக்குத் தொழில்தருநர் யார் என்ற வினாவுக்கே தெளிவான விடையில்லாதபோது, ஏட்டைப் பேணுபவர் யார் என்ற வினா எழவே இடமில்லை.

இறால் தொழில் நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. இறாலைத் தோலுரித்து உறையவைக்கும் ஆலை தொழிற்சாலை. இறாலை வளர்க்கும் குளமோ வளர்ப்பிடம். அங்கு பொருள் ஆக்கப்படுவதில்லை என்பதால் தொழிற்சாலை என்னும் வரைவிலக்கணத்துள் அதனை அடக்குதல் அரிது. ஆயினும் குளத்தில் நீரைக் கலக்கும் காற்றூட்டிகளுக்கு மின்கம்பிகள் நீரருகே செல்கின்றன. சுண்ணாம்பும் குளோரீன் தூளும் கையாளப்படுகின்றன. இரவுக் காவலாளி தனித்து நிற்கின்றார். ஒரே இறாலின் பயணத்தில் ஆலையில் வெட்டுண்ட விரல் பதிவுக்குரியது. குளக்கரையில் மின்தாக்குண்ட கை அவ்வாறன்று. நட்டஈட்டுரிமை குளக்கரையையும் எட்டுகின்றது. அவ்வுரிமையை நிறுவ உதவும் பதிவுக் கடமையோ ஆலை வாயிலில் நின்றுவிடுகின்றது.

பிறிதொரு முரணும் உண்டு. 1996இல் வெண்புள்ளி நோய் இப்பண்ணைகளைப் பெரிதும் அழித்தது. அதன் பின்னர் குஞ்சுகளைக் குளத்தில் விடுமுன் நோய்ச் சோதனை, வலயவாரியான வளர்ப்பு நாட்காட்டி முதலியன நடைமுறைக்கு வந்தன. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் நீருயிரின வளர்ப்புக்கெனத் தேசிய அதிகாரசபையும் அமைந்தது. இறாலின் நோய்க்கு ஏடு உண்டு. இறாலை வளர்ப்பவரின் நோய்க்கு இல்லை. ஏற்றுமதிப் பண்டத்தின் இழப்பு உடனே கணக்கிடப்படுகின்றது. உழைப்பவரின் இழப்பு அவரது குடும்பத்தின் சொந்தக் கணக்காகின்றது.

4. பிற நாடுகளின் வழிமுறை

ஐக்கிய அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் தொழிற் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ், முதலுதவிக்கு மேற்பட்ட சிகிச்சை, வேலைக் கட்டுப்பாடு, வேலை மாற்றம் என்பனவும் பதியப்பட வேண்டும். எனவே இலகு வேலைக்கு மாற்றிக் காயத்தை மறைத்தல் அங்கு விதிமீறலாகும். ஏடு ஐந்தாண்டு பேணப்படுகின்றது. ஆண்டுச் சுருக்கம் பெப்ரவரி முதல் ஏப்ரல் முடியும்வரை தொழிலாளர் காணுமிடத்தில் ஒட்டப்படுகின்றது. எனினும் பத்துப் பேருக்கு மேற்படாத தொழிலகங்களுக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு. சிறு தொழிலகத்தின் காயம் அங்கும் ஒளிந்துகொள்கின்றது.

சர்வதேசத் தொழில் அமைப்பின் 155ஆம் இலக்கச் சமவாயம் 1981இல் உருவானது. அதன் 2002ஆம் ஆண்டு ஒப்பேடு பதிதலுக்கும் அறிவித்தலுக்கும் என்றே அமைந்தது. 2022இல் இச்சமவாயம் அடிப்படைச் சமவாயங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. தொழில்தருநர் பதிவதையும், பதிந்ததைத் தொழிலாளருக்குத் தெரிவிப்பதையும், காயத்தை அறிவித்தவரைத் தண்டியாதிருப்பதையும் இவ்வொப்பேடு ஒருங்கே வலியுறுத்துகின்றது.

5. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் வந்தடையும் முடிவு, பதிவுக் கடமை கட்டடத்தைப் பற்றி நிற்றலாகாது, உழைப்பைப் பற்றி நிற்றல் வேண்டும் என்பதாகும். குளம், உப்பளம், தோட்டம் எதுவாயினும் கூலி கொடுத்து வேலை வாங்குபவர் ஏடு பேணல் வேண்டும். ஒப்பந்தக்காரர் இடையில் நிற்பின் உரிமையாளரும் அவருடன் பொறுப்பேற்றல் வேண்டும். மூன்று நாள் எல்லையுடன், வேலை மாற்றமும் மருத்துவ சிகிச்சையும் அளவுகோல்களாதல் வேண்டும். ஆண்டுச் சுருக்கம் தமிழிலும் சிங்களத்திலும் தொழிலாளர் கண்ணிற்படும் இடத்தில் ஒட்டப்படல் வேண்டும்.

இத்தகைய பதிவு தொடங்கின் முதலாண்டுகளில் விபத்துகள் பெருகியதாகவே எண்கள் காட்டும். அது தொழிலகம் சீர்கெட்டதன் அடையாளமன்று. முன்பு மறைந்திருந்தது வெளிப்பட்டதன் அடையாளமே. நேர்மையாகப் பதிபவரைக் குற்றவாளியாகவும் வெற்று ஏட்டை நீட்டுபவரை நல்லவராகவும் கொள்ளும் பரிசோதனை முறை மறைப்பையே வளர்க்கும். வெற்று ஏட்டைக் காணுமிடத்து, அங்கு காயமில்லையா அன்றி எழுதுவாரில்லையா என வினவுதல் அதிகாரிகளுக்கும் ஆய்வாளருக்கும் ஒருங்கே உரிய கடமையாகும்.