செவிலியர் கல்வி: மதிப்பெண் குறைந்தாலும் வழி உண்டு

கோடை முடிந்து கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் நாள்களில் வங்கிக் கிளைகளுக்கு வரும் பெற்றோரின் முகத்தில் ஒருவித அவசரம் தெரியும். 2024ஆம் ஆண்டில் அப்படிப்பட்ட ஒரு நாளில், பெங்களூருவில் உள்ள எங்கள் கிளைக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பணிபுரியும் தாய் ஒருவர் தம் மகளுடன் வந்தார். தம் பெயரில் இருந்த இரண்டு இலட்ச ரூபாய் நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தரும்படி கேட்டுக்கொண்டார்.

காரணத்தை விசாரித்தோம். மகள் பி.யூ.சி. இரண்டாம் ஆண்டில் அறிவியல் பிரிவில் தேறியிருந்தார். செவிலியராக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். ஆனால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து 300க்கு 123 மதிப்பெண்களே கிடைத்திருந்தன. பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்குத் தேவையான 45 விழுக்காட்டுக்கு 135 வேண்டும். பன்னிரண்டு மதிப்பெண்கள் குறைவு. இந்நிலையில் முகவர் ஒருவர், மதிப்பெண் ஒரு பொருட்டன்று, இடம் தயாராக இருக்கிறது, மாலைக்குள் ஒன்றரை இலட்சம் முன்பணம் செலுத்தினால் போதும் என்று கூறியிருக்கிறார். ரசீது சேர்ந்த பிறகு கிடைக்குமாம்.

வைப்பை முடிப்பது வாடிக்கையாளரின் உரிமை. அதை நாங்கள் மறுக்க இயலாது. ஆயினும் கல்லூரியின் பெயரைக் கேட்டுக் கணினியில் அவருடன் சேர்ந்தே தேடினோம். இந்திய நர்சிங் கவுன்சில் வெளியிட்டுள்ள பட்டியலில் அப்பெயர் இல்லை. கர்நாடகத்தின் இராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளின் பட்டியலிலும் இல்லை. அதைச் சுட்டிக்காட்டியபோது அந்தத் தாய் கூறியது இன்றும் எங்கள் நினைவில் இருக்கிறது: "பிள்ளை மார்க் கம்மி சார். வேற யாரு சேத்துக்குவாங்க?"

அந்த ஒரு கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். குறைந்த மதிப்பெண் ஒரு மாணவியின் பாதையைச் சற்று நீட்டிக்கக்கூடும், அதை அடைத்துவிடுவதில்லை. அடைத்துவிடுவது, வெட்கத்தாலும் அவசரத்தாலும் அங்கீகாரமற்ற இடத்தில் கட்டப்படும் பணம்தான். அங்கீகாரமில்லாத நிறுவனத்தின் சான்றிதழைக் கொண்டு மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற முடியாது. பதிவு இல்லாதவர் செவிலியராகப் பணிபுரிய முடியாது. மூன்று நான்கு ஆண்டுகளும் சேமிப்பும் ஒருசேர வீணாகும்.

முதலில் கணக்கைச் சரியாகப் போடுவோம்

பல பெற்றோர் மதிப்பெண் பட்டியலின் அடியில் உள்ள மொத்தத்தைப் பார்த்தே மனம் தளர்கின்றனர். பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு நாடு முழுவதற்குமான குறைந்தபட்சத் தகுதியை இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ளது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்ந்து 45 விழுக்காடு, ஆங்கிலத்தில் தனியே தேர்ச்சி என்பதே அது. பட்டியல் சாதியினருக்கும் பட்டியல் பழங்குடியினருக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ குறைந்த மதிப்பெண் இக்கணக்கில் சேராது. ஆகவே மொத்தத்தில் பின்தங்கிய ஒருவர் இம்மூன்று பாடங்களில் தகுதி பெற்றிருக்கக்கூடும். மாணவர் சேர்க்கை நடைபெறும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் நாளன்று 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை.

தகுதி எல்லையைத் தாண்டிய பின் இடம் யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் முறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே தரவரிசைக்கு அடிப்படை. மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் நுழைவுத் தேர்வின் தரவரிசைப்படி இடம் வழங்கப்படுகிறது. நுழைவுத் தேர்வுக்கெனக் கவுன்சில் வகுத்துள்ள அமைப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம், செவிலியர் பணிக்கான நாட்டம் ஆகிய ஐந்துக்கும் தலா 20 மதிப்பெண்கள். பள்ளித் தேர்வில் 46 விழுக்காடு பெற்றவரும் 90 விழுக்காடு பெற்றவரும் அத்தகைய தேர்வில் ஒரே கோட்டிலிருந்து புறப்படுகின்றனர். பள்ளியில் சறுக்கியவருக்கு இது ஓர் அரிய வாய்ப்பு.

மீண்டும் எழுதுவது இழுக்கன்று

எல்லையைத் தொடாதவர்களுக்கு முதல் வழி, தேர்வை மீண்டும் எழுதுவது. கர்நாடகத்தில் 2024 முதல் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பி.யூ.சி. தேர்வு நடத்தப்படுகிறது, தேர்ச்சி பெற்றவரும் மதிப்பெண்ணை உயர்த்த மீண்டும் எழுதலாம், இரண்டில் உயர்ந்ததே நிலைக்கும். இத்தகைய வசதி பிற வாரியங்களில் எவ்வாறு உள்ளது என்பதைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டறியலாம். நடுவண் அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக அறிவியல் பாடங்களுடன் ஆங்கிலமும் படித்துத் தேறியவர்களும் பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்குத் தகுதியானவர்களே. சேர விரும்பும் மாநிலத்தின் விதிகளைப் பார்த்த பிறகு பாடங்களைத் தேர்ந்தெடுப்பது நன்று.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சில கதவுகள் மறுதேர்வால் திறப்பதில்லை. இராணுவச் செவிலியர் கல்லூரிகள் பன்னிரண்டாம் வகுப்பில் முதல் முயற்சியிலேயே தேர்ச்சியையும் 50 விழுக்காட்டையும் எதிர்பார்க்கின்றன. எய்ம்ஸ் நிறுவனங்களில் பொதுப் பிரிவினருக்கான எல்லை 55 விழுக்காடு. அவற்றுக்கு விண்ணப்பித்துக் காலத்தைக் கழிப்பதைவிட, திறந்திருக்கும் வழிகளில் முழுமனத்துடன் இறங்குவதே நன்மை தரும்.

படிப்படியாக ஏறும் வழி

இரண்டாவது வழி, ஜி.என்.எம். எனப்படும் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் 40 விழுக்காடும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் இருந்தால் இதில் சேரலாம். அறிவியல் பிரிவுக்கு முன்னுரிமை தரப்பட்டாலும், கலை, வணிகவியல் பிரிவுகளில் படித்தவர்களும் தகுதியுடையவர்களே. உயிரியல் படிக்காதவர்களுக்குச் செவிலியர் துறையே இல்லை என்ற எண்ணம் தவறு.

ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்றவர் முழுமையான செவிலியர். பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் என்னும் இரண்டாண்டுப் படிப்பின் மூலம் பட்டதாரியாகலாம், அங்கிருந்து எம்.எஸ்சி. வரை செல்லலாம். நேரடிப் பட்டத்துக்கு நான்கு ஆண்டுகள்; இவ்வழியில் ஐந்து. கூடுதலாகும் ஓராண்டே குறைந்த மதிப்பெண்ணுக்கு நாம் தரும் விலை. பட்டயத்துக்கும் பட்டத்துக்கும் இடையே பணியில் சேர்ந்து ஊதியம் பெறவும் வாய்ப்புண்டு.

மூன்றாவது, பெண்களுக்கான ஏ.என்.எம். என்னும் இரண்டாண்டுப் படிப்பு. இதற்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். விழுக்காட்டு எல்லை இல்லை. ஊரகத் துணைச் சுகாதார நிலையங்களில் தாய் சேய் நலப் பணிகளும் தடுப்பூசிப் பணிகளும் பெரிதும் இவர்களையே சார்ந்துள்ளன. ஏ.என்.எம். தேறிப் பதிவு செய்தவர் ஜி.என்.எம். படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம்.

சேர்க்கை கிடைத்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. முதலாண்டிலேயே உடற்கூறியலும் உடலியங்கியலும் ஆங்கிலத்தில் வரும். பள்ளியில் மதிப்பெண் எதனால் குறைந்தது என்பதை மாணவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வது நல்லது. ஆங்கிலம் காரணமானால், காத்திருக்கும் மாதங்களை ஆங்கில வாசிப்புக்கும் உயிரியலுக்கும் செலவிடலாம். பி.எஸ்சி. நர்சிங் படிப்பில் வகுப்புகளுக்கு 80 விழுக்காடு வருகை வேண்டும். மருத்துவமனைப் பயிற்சியையோ 100 விழுக்காடும் நிறைவு செய்தால்தான் பட்டம். தவறாமல் வருவதும் பொறுப்புடன் உழைப்பதும் இங்கே பெரிதும் மதிக்கப்படும் பண்புகள். பள்ளி மதிப்பெண் பட்டியல் இவற்றை அளப்பதில்லை.

பணம் கட்டும் முன் மூன்று சோதனைகள்

முதலாவது, இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளத்தில் அக்கல்வி ஆண்டுக்கான பட்டியலைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் இருப்பது மட்டும் போதாது. நீங்கள் சேரவிருக்கும் படிப்பு அதில் இருக்க வேண்டும். ஜி.என்.எம். நடத்தும் நிறுவனத்துக்குப் பி.எஸ்சி. நடத்தும் அனுமதி இருந்தே தீரும் என்பதில்லை. இரண்டாவது, மாநில நர்சிங் கவுன்சிலின் அனுமதியையும், தேர்வு நடத்தும் பல்கலைக்கழகம் அல்லது வாரியத்தின் இணைப்பையும் உறுதி செய்யுங்கள். மூன்றாவது, நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே கட்டணத்தைச் செலுத்தி ரசீது பெறுங்கள். தனிநபர் கணக்குக்கோ ரொக்கமாகவோ கேட்கப்பட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

கல்விக் கடனும் மதிப்பெண்ணும்

மதிப்பெண் குறைவு என்பதாலேயே கல்விக் கடன் கிடைக்காது என்ற அச்சம் பரவலாக உள்ளது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்ற பட்டப் படிப்புகளும் பட்டயப் படிப்புகளும் இடம் பெற்றுள்ளன. வங்கி முதன்மையாகப் பார்ப்பது, நிறுவனத்தின் அங்கீகாரத்தையும், உரிய தேர்வு முறைப்படி சேர்க்கை நடந்ததா என்பதையும்தான். 4 இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு மாணவர் தம் பங்காகப் பணம் செலுத்தத் தேவையில்லை. 7.5 இலட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதி ஏற்பாடு இருப்பதால் சொத்துப் பிணையும் கேட்கப்படுவதில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையொப்பமிட வேண்டும். கட்டணத்தை வங்கி நேரடியாக நிறுவனத்துக்கே செலுத்தும். ரசீதில்லா நன்கொடைக்குக் கடன் கிடையாது.

படிப்புக் காலமும் அதற்குப் பிந்தைய ஓராண்டும் தவணை விடுப்புக் காலம். அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்தலாம். ஓர் எடுத்துக்காட்டு: ஜி.என்.எம். படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ஓர் இலட்சம் வீதம் மூன்று இலட்சம் பெறப்படுகிறது. வட்டி 10 விழுக்காடு என்று கொள்வோம். தவணை தொடங்கும்போது, தனிவட்டிக் கணக்கில், முதல் இலட்சத்துக்கு 40,000, இரண்டாவதற்கு 30,000, மூன்றாவதற்கு 20,000 என மொத்தம் 90,000 ரூபாய் வட்டி சேர்ந்திருக்கும். இவ்வட்டியை மாதந்தோறும் செலுத்தி வந்தால், முதலாண்டில் மாதம் ஏறத்தாழ 830 ரூபாய், மூன்றாம் ஆண்டிலிருந்து 2,500 ரூபாய் ஆகும். மகள் பணியில் சேரும்போது கடன் மூன்று இலட்சமாகவே நிற்கும். இயன்ற குடும்பங்கள் இவ்வாறு செய்வதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். திருப்பிச் செலுத்தும் வட்டிக்கு, பழைய வருமான வரி முறையில் எட்டு ஆண்டுகள் வரை வரிக்கழிவும் உண்டு.

அன்று வந்த தாய் வைப்பை முடிக்காமலேயே திரும்பிச் சென்றார். மகள் அதே ஆண்டின் அடுத்த தேர்வை எழுதினார். இம்முறை கிடைத்தவை 131 மதிப்பெண்கள். எல்லைக்கு நான்கு குறைவு. அவர்கள் மீண்டும் எங்கள் கிளைக்கு வந்தபோது, கையில் முகவரின் அட்டை இல்லை. அங்கீகாரம் பெற்ற ஒரு பள்ளியின் ஜி.என்.எம். சேர்க்கைக் கடிதம் இருந்தது. பட்டியலில் அப்பள்ளியின் பெயரை மகளே தேடி எடுத்துக் காட்டினார்.

இப்போது அவர் மருத்துவமனைப் பயிற்சியில் இருக்கிறார். மாதந்தோறும் வட்டி செலுத்தத் தாய் வருகிறார். அந்த இரண்டு இலட்சம் முதிர்ந்து, மீண்டும் வைப்பாகவே புதுப்பிக்கப்பட்டுள்ளது. மகளின் பட்டப் படிப்புக்கு அது வேண்டும் என்கிறார். உங்கள் இல்லத்திலும் இத்தகைய மதிப்பெண் பட்டியல் ஒன்று இருக்குமானால், எவருக்கும் முன்பணம் தருவதற்கு முன்னால் ஒருமுறை கிளைக்கு வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.